புதியவரை வதைப்பது ஏன்? கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): ராகிங்கால் ஒற்றுமை வளரும் என்கிறார்கள் சீனியர்கள். ஆதாரம் உண்டா?

பதில்: வழக்கமாகக் காட்டப்படுவது, 1959இல் உளவியலாளர்கள் ஆரன்சனும் மில்சும் அமெரிக்காவில் வெளியிட்ட சோதனை. கலந்துரையாடல் குழுவில் சேர வந்த மாணவிகளில் சிலரை ஆபாசச் சொற்களை உரக்கப் படிக்க வைத்தார்கள். பின்னர் சலிப்பூட்டும் உரையாடல் ஒன்றைக் கேட்கச் செய்தபோது, மிகவும் கூசிப்போனவர்களே அதைக் கூடுதலாக மெச்சினார்கள். ஆனால் சில நிமிடக் கூச்சத்தை வைத்து மாதக்கணக்கில் நீளும் வதையை எடைபோட முடியாது. ‘ஃப்ரட்டர்னிட்டி’ எனப்படும் அமெரிக்க ஆண் மாணவர் சங்கம் ஒன்றில் அடுத்தடுத்துச் சேர்ந்த ஆறு அணியினரைப் பின்தொடர்ந்து ஆய்வாளர்கள் சிமினோவும் தாமஸும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வதையால் ஒற்றுமை கூடுகிறது என்பதற்கு மிகச் சொற்பமான சான்றே கிடைத்தது.

கேள்வி (ஆசிரியை, யாழ்ப்பாணம்): அப்படியானால் பகடிவதை (ராகிங்) இத்தனை சமூகங்களில் எப்படி நிலைத்தது?

பதில்: சிமினோ 2011இல் முன்வைத்த கருதுகோள் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நீடித்த கூட்டணி ஒன்றில் நுழைந்த மறுகணமே பாதுகாப்பு, மதிப்பு, பிறர் சேர்த்துவைத்த அறிவு ஆகியவை புதியவருக்கு உழைக்காமலே கிடைத்துவிடுகின்றன. அவற்றை அனுபவித்துவிட்டு நழுவுபவரால் மூதாதையருக்கு நேர்ந்த இழப்பே, புதியவரைச் சிலகாலம் அடக்கிவைக்கும் உந்துதலை மனித மனத்தில் உருவாக்கியிருக்கலாம். கற்பனைக் குழுக்களைப் பற்றிக் கேட்டபோது, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பெரிதும் சார்ந்திருக்கும் குழுவுக்கே மக்கள் கடுமையான சேர்க்கைச் சடங்கைப் பரிந்துரைத்தார்கள் என்பது இதனுடன் பொருந்துகிறது.

கேள்வி (வாசகர், மதுரை): விலங்குகளிடமும் இது உண்டா?

பதில்: வேறு கூட்டத்திலிருந்து வரும் இளம் பெண் சிம்பன்சியை அங்குள்ள பெண் சிம்பன்சிகள் தாக்குவதுண்டு. அது பெரும்பாலும் உணவுக்கும் இடத்துக்குமான போட்டி. நாளைய கூட்டாளியாகவே ஏற்கப்போகும் ஒருவரை வதைப்பதுதான் மனிதரிடம் விளக்கம் கோருகிறது.

கேள்வி (பெற்றோர், திருச்சி): இயல்பூக்கம் என்றால் சட்டத்தால் என்ன பயன்?

பதில்: பரிணாமக் காரணம் இருப்பதாலேயே ஒரு செயல் தவிர்க்க முடியாததும் ஆகாது, நியாயமானதும் ஆகாது. மதிப்பெண் பெற்று, கட்டணமும் செலுத்திச் சேரும் முதலாண்டு மாணவர் சீனியரின் உழைப்பில் எதையும் பறிப்பதில்லை. கருதுகோளின்படியே பார்த்தாலும் அங்கே வதைக்கு வேலையே இல்லை. சிதம்பரத்தில் 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்டதை அடுத்துத் தமிழ்நாட்டில் 1997இல் வந்த சட்டம், ராகிங்குக்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. புகாரைக் கண்டுகொள்ளாத நிறுவனத் தலைவரையும் உடந்தையாகக் கருதும் அதன் பிரிவையே நான் முக்கியமாக நினைக்கிறேன். கேட்பாரில்லை என்ற தைரியத்தில்தான் அந்த உந்துதல் செயலாக மாறுகிறது.