வாசகர் கேள்வி: பழைய விலங்குப் படங்கள்

கேள்வி: ஜெர்மன் ஓவியர் டூரர் வரைந்த காண்டாமிருகத்துக்குத் தோளின் மேல் ஒரு சின்னக் கொம்பு இருக்கிறதே, ஏன்? (வாசகர், தக்கலை)

பதில்: அந்த விலங்கை டூரர் பார்த்ததே இல்லை. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. அதைப் பற்றிய கடிதத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து அவர் ஜெர்மனியிலிருந்தே மரச்செதுக்கு அச்சுப்படம் செய்தார். தோல் மடிப்புகள் கவசத் தகடுகளாகிவிட்டதும் அதனால்தான். சுவிஸ் அறிஞர் கெஸ்னரின் விலங்கியல் நூலிலும் (1551) அதே படம், அதே கொம்பு.

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மீன் படங்கள் சிலவற்றில் பளபளக்க வேண்டிய உடம்பு கறுத்திருக்கிறது. காரணம் என்ன? அந்தப் பாணியில் நம் துறைமுகத்து மீன்களை வரைவது எப்படி? (வாசகர், குளச்சல்)

பதில்: அது வெள்ளி. பெர்லின் மருத்துவர் ப்ளாக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீன் தொகுப்பில் 432 படங்கள். செப்புத்தகட்டில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியவை. செதில் மினுங்க வெள்ளியும் சேர்த்தார்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டால், கொலுசு கறுப்பதுபோல, அதுவும் கறுக்கும். தரங்கம்பாடிப் பாதிரியார் ஜான் அவருக்கு அனுப்பிய மீன்கள் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து நிறம் போன பிறகே பெர்லின் சேர்ந்தன. உங்களுக்கு அந்தக் குறை இல்லை. கடலே பக்கத்தில் இருக்கிறது.

அயலையில் (கானாங்கெளுத்தி) தொடங்குங்கள். வள்ளம் கரை சேர்ந்ததும் வாங்கி, முதலில் நிறங்களை எழுதி வையுங்கள். முதுகின் நீலப்பச்சை சீக்கிரம் மங்கும். ஐஸில் நேரடியாகப் போட்டால் கண் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். தெர்மோகோல் பலகையில் தலை இடப்பக்கம் வரும்படி கிடத்தி, துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்துங்கள். துடுப்பில் மட்டும் ஃபார்மலினை (உடலைப் பதப்படுத்தும் நச்சு ரசாயனம்) தூரிகையால் தடவிச் சில நிமிடம் விட்டால் விறைத்து நிற்கும். கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். அந்த மீனைக் குழம்புக்கு எடுக்கக் கூடாது.

காற்றில் தோல் சுருங்கும், கண் குழியும். அதனால் கடல்நீரில் நனைத்த துணியால் மூடி, வரையும் பகுதியை மட்டும் திறங்கள். அளவுகளை டிவைடரால் எடுங்கள். இரண்டாம் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் மேலே 5, கீழே 5 குறுந்துடுப்புகள் உண்டு. பலர் தவறவிடும் இடம் இதுதான், எண்ணி வரையுங்கள். மினுக்கத்துக்கு வெள்ளி வேண்டாம். வயிற்றுப்பகுதியில் தாளின் வெண்மையை விட்டுவிட்டு, சுற்றிலும் மெல்லிய சாம்பல் நிறம் தடவினால் போதும்.