நெக்சஸ் 7 போல ஒரு சின்ன டேப் இன்று கிடைக்குமா?

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"2013 கடைசியில் துபாயிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்த நெக்சஸ் 7 டேப்பை இன்னும் வைத்திருக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப்கள்தான் அதில் படிப்பேன். இப்போது பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜர் பின்னை ஆட்டி ஆட்டி வைத்தால்தான் ஏறுகிறது. சில இணையதளங்கள் திறப்பதே இல்லை. கடையில் 8.7 அங்குல டேப் ஒன்றைப் பார்த்தேன். வேகமாக இருக்கிறது, ஆனால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. என் கண் கோளாறா? மகன், 'பெரிய போனே போதும்ப்பா' என்கிறான். நாட்டுப்படகு வைத்திருக்கும் அக்கா மகன், பழைய டேப்பைத் தனக்குக் கொடுக்கச் சொல்கிறான். 20 ஆயிரத்துக்குள் என்ன செய்யலாம்?"

சார், முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இனி அதைச் சார்ஜில் போடாதீர்கள். மூடியை அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்போது உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது, அதுதான் உறையைத் தள்ளுகிறது. முழுச் சார்ஜிலேயே வைத்திருப்பதும் வெப்பமும் இதை வேகப்படுத்தும். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜில் கிடக்கும் டேப்புகள் இப்படி உப்பித்தான் எங்கள் சர்வீஸ் மேசைக்கு வருகின்றன. இப்போது உள்ளே சார்ஜ் மிச்சமிருந்தால் புத்தகங்களை வைஃபை வழியாக போனுக்கோ கூகுள் டிரைவுக்கோ ஏற்றிவிட்டு அணைத்துவிடுங்கள். மிச்சம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பேட்டரி மாற்றிய பிறகும் புத்தகங்கள் அப்படியே இருக்கும்.

மாற்றுவது கடினமான வேலை இல்லை. நெக்சஸ் 7-இன் பின்மூடிக்குத் திருகாணி கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் ஓட்டினால் கழன்று வரும். ஆனால் உப்பிய பேட்டரியை நெம்பும்போது குத்திவிட்டால் தீப்பிடிக்கும். அதனால் அதை வீட்டில் செய்ய வேண்டாம், கடையில் கொடுங்கள். இதில் உண்மையான சிக்கல் வேறு. அந்த மாடலுக்கு இன்று 'புதுசு' என்று விற்கும் பேட்டரியும் பல வருடம் அலமாரியில் இருந்து கிழடாகியிருக்கலாம். பேட்டரியின் மேல் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தேதியே இல்லாததை நான் போடச் சொல்ல மாட்டேன்.

சார்ஜ் பின் சரியாக ஒட்டாததற்குக் காரணம் உப்புக்காற்றாக இருக்கலாம். ஈரமும் உப்பும் படிந்த போர்ட்டில் மின்சாரம் பாயும்போது செம்பு முனைகள் அரிக்கும், பச்சைக் களிம்பு பிடிக்கும். வாடைக்காற்று மாதங்களில் இது இன்னும் மோசம். ஊசி விட்டுக் குடைவதும் வாயால் ஊதுவதும் கூடாது. ஊதும்போது எச்சில் ஈரமும் உள்ளே போகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ் போதும். அதிலும் சரியாகவில்லை என்றாலும் கவலை இல்லை. உங்களுடையது 2013 மாடல் என்றால் அதில் கம்பியில்லா சார்ஜிங் உண்டு. போன்களுக்கு விற்கும், 'Qi' என்று போட்டிருக்கும் வயர்லெஸ் சார்ஜர் தட்டின் மேல் வைத்தாலே ஏறும், போர்ட்டே தேவையில்லை. பேட்டரி மாற்றிய பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். அவ்வளவு மலிவாக விற்ற ஒரு டேப்பில் இந்த வசதி அன்றைக்கே இருந்தது, 2024-இல் 50 ஆயிரம் ரூபாய் அளவில் வந்த ஐபேட் மினியில் இல்லை.

இணையதளங்கள் திறக்காததற்கு உங்கள் நெட் காரணமில்லை. ஒரு தளம் உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் சான்றிதழ்களின் பட்டியல் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கும். 2013 நெக்சஸ் 7-க்கு கூகுள் கடைசியாகக் கொடுத்தது ஆண்ட்ராய்டு 6. ஏராளமான தளங்களுக்கு இன்று சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-இல்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கருவிகளுக்காக வைத்திருந்த மாற்று வழியும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. குரோமும் ஆண்ட்ராய்டு 6-ஐ எப்போதோ கைவிட்டுவிட்டது. லீனியேஜ் என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றினால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு உள்சேமிப்பைப் பிரித்து அடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். புத்தகம் மட்டும் படிக்கப்போகிற உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். கோப்புகளை வேறு கருவியில் இறக்கி இதற்கு அனுப்பிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, பணம் அனுப்பும் செயலி எதையும் இதில் வைக்காதீர்கள்.

இனி கண் விஷயம். கோளாறு உங்கள் கண்ணில் இல்லை சார், அந்தக் கடை டேப்பின் திரையில்தான்.

2013 நெக்சஸ் 7-இன் திரை 1920-க்கு 1200 புள்ளி (பிக்சல்). ஓர் அங்குலத்துக்கு 323 புள்ளி வருகிறது. இன்று 10 ஆயிரம் முதல் 15 ஆயிரம் வரை விற்கும் 8.7 அங்குல டேப்புகளில், சாம்சங் ஏ9 ஆகட்டும், ஏ11 ஆகட்டும், ரெட்மி பேட் எஸ்இ 8.7 ஆகட்டும், திரை 1340-க்கு 800 புள்ளிதான். அங்குலத்துக்கு 179. பத்து வருடத்துக்கு மேல் ஓடிப்போய் பிராசசர் பல மடங்கு வேகமாகிவிட்டது, திரையின் கூர்மை மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இது உங்கள் படிப்பில் எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்த பக்கத்தில் ஒரு வரிக்கு 40 எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் பழைய நெக்சஸில் அந்த வரிக்கு 1200 புள்ளி, ஓர் எழுத்துக்கு 30. புதியதில் 800 புள்ளி, ஓர் எழுத்துக்கு 20. தமிழில் 20 புள்ளி அகலத்துக்குள் 'ண'வின் சுழிகளை அடக்குவது சிரமம். 'ன'வும் 'ண'வும் ஒன்று போலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும், பழைய அச்சின் 'னை', 'ணா' எல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். திரை பெரிதாக இருந்தும் எழுத்து மங்குவது இதனால்தான். யூடியூப் பார்க்கிறவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. கடைக்காரர் வீடியோவைப் போட்டுக் காட்டுவதும் அதனால்தான்.

நீங்கள் அந்தப் பழைய டேப்பை விட மனமில்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதன் அகலம் 11.4 செண்டிமீட்டர், எடை 290 கிராம். ஒரு கையால் இரண்டு விளிம்பையும் பற்றிக்கொள்ளலாம். திரையின் அகலம் 9.4 செண்டிமீட்டர். நம் பழைய கிரவுன் சைஸ் புத்தகத்தில் ஓரத்து வெள்ளையைக் கழித்துவிட்டால் அச்சுப் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அதாவது அந்த டேப்பில் நீங்கள் கிரவுன் புத்தகத்தை அதன் அசல் அளவிலேயே படித்துக்கொண்டிருந்தீர்கள், எழுத்தைப் பெரிதாக்கவோ சுருக்கவோ தேவையே வரவில்லை. 2013-இல் கூகுள் இதை 229 டாலரிலிருந்து விற்றது. அந்த விலையில் அப்படி ஒரு திரை பிறகு அரிதாகிவிட்டது. அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறவர்களிடம் வெறும் பழம்பெருமை என்று நான் சொல்லவே மாட்டேன். கையில் இருந்து போன ஒரு நல்ல பொருளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

எல்லாப் பழைய டேப்பும் இப்படி இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். 2011-இல் வந்த ஆகாஷ் டேப்பை விரலால் அழுத்தினால்தான் கேட்கும். 2012-இல் வந்த முதல் நெக்சஸ் 7 கொஞ்ச காலத்திலேயே ஊர்ந்தது. முதல் ஐபேட் மினியின் திரைக்கு அங்குலத்துக்கு 163 புள்ளிதான், இன்றைய மலிவு டேப்பைவிடக் குறைவு. நினைவில் நல்லதாக நிற்பவை 2013-இல் வந்த இரண்டு: உங்களுடைய நெக்சஸ், அப்புறம் 326 புள்ளித் திரையோடு வந்த ஐபேட் மினி 2.

மகன் சொல்லும் பெரிய போன்? அவர் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் உங்கள் வேலைக்கு அது ஆகாது. 6.8 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. போன் ஒல்லியாக நீண்டிருப்பதால் அதன் திரை அகலம் 7 செண்டிமீட்டரைச் சற்றே தாண்டும். உங்கள் 7 அங்குல டேப்பில் 9.4. ஸ்கேன் பக்கத்துக்கு அகலம்தான் கணக்கு. கூர்மையில் போன் அருமையாக இருக்கும், ஆனால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ஒரு அத்தியாயம் தாங்காது.

சரி, 20 ஆயிரத்துக்குள் என்ன வழி? உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2019-இல் வந்த ஐபேட் மினி 5-ஐ நல்ல நிலையில் பழசாகத் தேடுவேன். 7.9 அங்குலம், 326 புள்ளி, 300 கிராம். திரை அகலம் 12 செண்டிமீட்டர் இருப்பதால் கிரவுனைவிடப் பெரிய டெமி சைஸ் புத்தகத்தின் அச்சுப் பகுதியும் முழுசாக அடங்கும். ஆப்பிள் 2025-இல் வெளியிட்ட ஐபேட்ஓஎஸ் 26 வரைக்கும் அதற்கு வருகிறது. பிடியில் நெக்சஸைவிட 2 செண்டிமீட்டர் அகலம், ஒரு கைக்கு அவ்வளவு வசதிப்படாது. வாங்கும்போது முன்பு வைத்திருந்தவரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னே பாருங்கள். நீக்காத ஐபேட் வெறும் கண்ணாடிப் பலகை. திரையின் நடுவில் வெளிச்சத் திட்டு தெரிந்தாலோ, கண்ணாடி ஓரம் லேசாகத் தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கிறது, வேண்டாம். ஐபேடில் பேட்டரியை ஒட்டி வைத்திருப்பார்கள், மாற்றச் செலவு கூடும். புதிய மினி (2024-இல் வந்தது) 293 கிராம், எல்லாவற்றிலும் மேல், ஆனால் 49,900 ரூபாயில் வெளியானது.

பழசு வேண்டாம், வாரண்டியோடு புதியதுதான் வேண்டும் என்றால் அந்த 8.7 அங்குல டேப்பையே வாங்கிப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். அப்போது ஒரு வரிக்கு 1340 புள்ளி கிடைக்கும், உங்கள் நெக்சஸைவிட அதிகம். பாதிப் பக்கம் படித்துவிட்டு மேலே தள்ளிக்கொள்ள வேண்டும், இரண்டு கையும் வேண்டும், அவ்வளவுதான் சிரமம். லிப்ரேரா போன்ற படிப்புச் செயலியில் பக்க ஓரத்து வெள்ளையை வெட்டும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் எழுத்து இன்னும் பெரிதாகும். சாம்சங் டேப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். நம் வெக்கைக்கு அது மிகவும் தேவை.

புத்தகம் படிப்பதற்கென்றே செய்த கிண்டில் பேப்பர்வைட் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2024 மாடல் 7 அங்குலம், 300 புள்ளி, 211 கிராம். வெயிலில் காகிதம் போலவே தெரியும், கண் களைக்காது. மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற இணையதளங்களில் ஸ்கேன் படமாக இல்லாமல் எழுத்தாகவே கிடைக்கும் நூல்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் தருகிறது. ஆனால் ஸ்கேன் செய்த கனமான பிடிஎஃப்களைப் பெரிதாக்கும்போது அது மெதுவாக நகரும், பொறுமை போய்விடும். உங்கள் சேகரிப்பில் ஸ்கேன்தான் அதிகம் என்பதால் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

அக்கா மகனுக்கு அந்தப் பழைய டேப்பைக் கொடுக்காதீர்கள். அதில் ஜிபிஎஸ் உண்டு, சிம் இல்லாமலே வேலை செய்யும் என்பது உண்மைதான், அதனால்தான் கேட்கிறார். ஆனால் தண்ணீர் தாங்கும் கட்டமைப்பு அதற்கு இல்லை, வெயிலில் திரை தெரியாது, சூட்டில் அணைந்துவிடும். தனுஷ்கோடிக்கு அப்பால் கடல் எல்லைக்கோடு அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அணைந்துவிடக்கூடிய ஒன்றை நம்பி யாரும் வள்ளத்தை விடக் கூடாது. கடலுக்கென்று செய்த ஜிபிஎஸ் கருவிதான் அவருக்கு வேண்டும். டேப்தான் வேண்டும் என்றால் சாம்சங் ஆக்டிவ் 5 போல தண்ணீரும் தூசியும் தாங்கும் 8 அங்குல வகை இருக்கிறது. பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். விலைதான் சாதாரண டேப்பைப் போலப் பல மடங்கு.

கடைக்குப் போகும்போது உங்கள் புத்தகங்களில் அச்சு மிகவும் பொடியாக இருக்கும் ஒன்றை பென்டிரைவிலோ போனிலோ எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டேப்பில் அதைத் திறக்கச் சொல்லி, நிமிர்த்தியும் படுக்கைவாட்டிலும் பிடித்து, நீங்கள் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு இரண்டு பக்கம் படியுங்கள். அடிக்குறிப்பு வரைக்கும் தடங்கலில்லாமல் படிக்க முடிந்தால் பணத்தைக் கொடுங்கள். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மாற்றித் தரும் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.