இயேசு தனக்குத்தானே ஜெபித்தாரா?

வணக்கம் தம்பி. உவர்மலையில் உங்களோடு வேலை செய்கிற கிண்ணியா நண்பர், "இயேசு கடவுள் என்றால் சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் யாரிடம் ஜெபித்தார், தன்னிடமேயா?" என்று கேட்க, ஒரே தண்ணீர்தான் பனிக்கட்டியாகவும் நீராவியாகவும் வருகிறது, திரித்துவமும் அப்படித்தான் என்ற கதையைச் சொல்லி மாட்டுப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாட்டுப்படத்தான் செய்யும். ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்றால் நண்பரின் கேள்விதான் சரி. சபெல்லியுஸ் என்ற போதகரின் அந்தப் போதனையைத் திருச்சபை 3ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. (ஞாயிறு பாடசாலைகள்தான் இன்னும் விடவில்லை!)

திரித்துவம் சொல்வது வேறு. கடவுள் ஒருவரே, உபாகமம் 6:4 எங்களுக்கும் வேதம்தான். அந்த ஒரே கடவுளில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவர். குமாரன் பிதா அல்ல. அதனால் மனிதராகப் பிறந்த குமாரன் பிதாவிடம் ஜெபித்ததில் முரண் எதுவும் இல்லை. யோவான் 17:5ஐக் காட்டுங்கள். உலகம் உண்டாவதற்கு முன்பே பிதாவோடு தமக்கிருந்த மகிமையைப் பற்றி ஜெபத்திலேயே பேசுகிறார்.

இயேசு கடவுள் என்பதே 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் கண்டுபிடித்த கதை என்று அடுத்ததாகச் சொல்லக்கூடும். ஏறக்குறைய 112இலேயே ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிவிட்டார். அவர் கிறிஸ்தவரும் அல்ல.

உண்மையில் கடினமானது மாற்கு 13:32, உலக முடிவின் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்பது. அதை அவர் எடுத்தால் மழுப்பாமல், கடவுளின் ரூபமாயிருந்தவர் தம்மைத் தாமே வெறுமையாக்கி மனிதரானார் என்று சொல்லும் பிலிப்பியர் 2:6-7ஐ முழுதாக வாசித்துவிட்டுக் கதையுங்கள்.