எந்த ஸ்பூன், அம்மா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு மூன்று வயது. காலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, பத்துப் பதினைந்து தும்மல் போடுகிறான். மருந்துக் கடையில் செட்டிரிசின் சிரப் தந்தார்கள். பத்து நாளாக ராத்திரி ஒரு ஸ்பூன் கொடுக்கிறேன். தும்மல் குறைந்திருக்கிறது, நன்றாகவும் தூங்குகிறான். தொடரலாமா?
- ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: எந்த ஸ்பூன், அம்மா? போன மாதம் ஒரு பாட்டியிடம், வீட்டில் மருந்து ஊற்றும் ஸ்பூனை எடுத்துவரச் சொன்னேன். இரண்டு கொண்டுவந்தார். சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தோம். ஒன்று 3 மில்லியிலேயே வழிந்தது. இன்னொன்று 8 மில்லி பிடித்தது. அந்த வீட்டில் இரண்டுக்கும் பெயர் ‘ஒரு ஸ்பூன்’தான்.

செட்டிரிசின் ஓர் அலர்ஜி மருந்து. அதன் சிரப்பில் பெரும்பாலும் 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் மருந்து இருக்கும். உங்கள் மகன் வயதுக்கு ஒரு வேளைக்கு வழக்கமான அளவு 2.5 மில்லிதான். பாட்டிலோடு வரும் அளவு மூடியில் அந்தக் கோடு இருக்கும். கண்ணுக்கு நேரே பிடித்து ஊற்றுங்கள். குழந்தைகளுக்கான செட்டிரிசின் சொட்டு மருந்து இதைவிட அடர்த்தி, அதை இந்தக் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள்.

‘நன்றாகத் தூங்குகிறான்’ என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அளவு கூடினால் தூக்கமும் கூடும். பகலிலும் சோர்ந்து கிடக்கிறானா என்று பாருங்கள். பஸ் பயணத்தில் தூங்கட்டும் என்று இதைக் கொடுக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். இதோடு சளி சிரப்பும் சேர்க்காதீர்கள். பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும், அதுவும் அலர்ஜி மருந்துதான், தூக்கம் இன்னும் அதிகம். அதையும், மூக்கடைப்பு மருந்தான பினைலெஃப்ரினையும் சேர்த்த சிரப்பை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார்.

சரி, தும்மல் ஏன் காலையில் மட்டும்? தலையணையைச் சந்தேகப்படுங்கள். நம் கடலோர ஈரத்தில், அலர்ஜி தரும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி அதில் நன்றாக வளரும். உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். கொசுவர்த்திப் புகையும் வேண்டாம். மருந்தை நிறுத்தினால் தும்மல் திரும்புகிறதா? அப்போது குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தேவைப்படலாம்.

துறைமுகத்துப் பக்கம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இறாலோ நண்டோ சாப்பிட்டபின் குழந்தைக்கு நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பில் தடிப்போடு வாந்தி எடுத்துத் துவண்டாலோ, செட்டிரிசினைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது கடுமையான அலர்ஜி, அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.