கடலோர யாத்திரைக்குச் சைக்கிள்

கேள்வி: போர்ச்சுகலின் போர்ட்டோவிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ வரை கடலோர யாத்திரைப் பாதையில் சைக்கிளில் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சுமார் 280 கி.மீ.; ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் வருவோருக்கு யாத்திரை முடித்த சான்றிதழ் கிடைக்கக் கடைசி 200 கி.மீ. ஓட்டியிருப்பது கட்டாயம். அதற்கு ஆதாரமான யாத்ரீகர் அட்டையில் தினம் இரண்டு முத்திரை வாங்குங்கள்.

மணல்மேட்டு மரநடைபாதைகளில் பல இடங்களில் சைக்கிளுக்குத் தடை. காலை ஈரத்தில் பலகை சோப்பு போட்டதுபோல் வழுக்கும். ஊருக்குள் கருங்கல் பாவிய தெருக்கள்; 40 மி.மீ. டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்தால் கை மரத்துப்போகாது. கோடைப் பிற்பகலில் வடகாற்று முகத்தில் அறையும், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

கமீன்யா ஊரில், இரு நாட்டுக்கும் எல்லையான மின்யோ ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். சைக்கிள் ஏற்றுவார்களா என்று முந்தின நாளே கேளுங்கள். இல்லையென்றால் ஆற்றோரமாகவே மேலேறி, வலென்சா பாலம். அக்கரையில், ஸ்பெயினில், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால்.