திருச்சியில் இறங்கி மதுரையில் விமானம் ஏற நான்கு மணி நேரம் போதுமா?

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து காலை 9 மணிக்குத் திருச்சியில் இறங்குகிறேன். அன்றே பகல் 1.15 மணிக்கு மதுரையிலிருந்து மும்பை விமானம். இரண்டும் தனித்தனிப் பயணச்சீட்டுகள். இரு விமான நிலையங்களுக்கும் இடையே 123 கி.மீ., அரை மணி நேரப் பயணம் என்று இணையத்தில் கண்டேன். நேரம் போதுமா?

பதில்: போதாது. தாங்கள் கண்ட 123 கி.மீ. வான்வழி நேர்கோட்டுத் தொலைவு. அரை மணி நேரம் என்பதும் அத்தொலைவை விமானத்தில் கடப்பதாக வைத்துப் போட்ட கணக்கே. இவ்விரு ஊர்களுக்கும் இடையே நேரடி விமான சேவை இல்லாததால், அந்தக் கணக்கால் தங்களுக்குப் பயனில்லை.

சாலைவழியில் ஏறத்தாழ 140 கி.மீ. வரும். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலை நல்ல நிலையில் இருப்பினும், பூதக்குடி, சிட்டம்பட்டி சுங்கச்சாவடிகளையும் மதுரைப் புறநகர் நெரிசலையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குவதே சரி. மதுரையை நெருங்கியதும் ஓட்டுநரிடம் ஊருக்குள் நுழையாமல் உத்தங்குடியில் சுற்றுச்சாலையைப் பிடித்து, விரகனூர் வழியாக, விமான நிலையத்துக்குத் திரும்பும் இடமான மண்டேலா நகர் செல்லச் சொல்லுங்கள். கோரிப்பாளையம் பக்கம் திரும்பிவிட்டால் அரை மணி நேரம் எளிதாகப் போய்விடும்.

இனித் தங்கள் பயணத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். 9 மணிக்கு விமானம் தரையைத் தொட்டாலும், குடிநுழைவுச் சோதனை, பெட்டிக்கான காத்திருப்பு, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர 10.15 ஆகலாம், மதுரை நிலைய வாசலை அடையும்போது 12.45. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டிகளை ஏற்கும் முகப்புகள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே, அதாவது 12.15-க்கே மூடப்பட்டுவிடும். எல்லாம் மிகச் சாதகமாக அமைந்து 9.45-க்கே வெளியே வந்து இரண்டேகால் மணி நேரத்தில் சென்றடைந்தாலும், மிஞ்சுவது கால் மணி நேரம்தான். அதை நம்பிக் குடும்பத்துடன் கிளம்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரயிலிலும் இக்கணக்கு மாறாது. திண்டுக்கல் வழியாக மதுரை சந்திப்புக்கு விரைவு ரயில்கள் இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. இரு முனைகளிலும் வாடகை வண்டி, நடுவில் ரயிலுக்கான காத்திருப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தனித்தனிச் சீட்டு என்பதுதான் இங்கே பெரிய கவலை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் காத்திருக்கக் கடமைப்பட்டதன்று. சீட்டுப் பணமும் பெரும்பாலும் திரும்பாது. எனவே, மதுரையிலிருந்துதான் செல்ல வேண்டுமென்றால், தரையிறங்கும் நேரத்துக்கும் புறப்பாட்டுக்கும் இடையே ஆறு மணி நேரமாவது இருக்கும்படி மாலை விமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதுரையில் வேலை ஏதும் இல்லையெனில், திருச்சியிலிருந்தே சென்னை வழியாக மும்பைக்கு ஒரே பயணச்சீட்டாக எடுப்பது இன்னும் நல்லது. இடையில் தாமதம் நேர்ந்தால் அடுத்த விமானத்தில் இடம் தரும் பொறுப்பு அந்த நிறுவனத்தைச் சேரும்.

பயண நாள் தை முதல் நாளாக இருந்தால் மேலும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரத்தில் அன்றுதான் ஜல்லிக்கட்டு.