பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவி ஏன் இவ்வளவு விலை? மலிவாகச் செய்ய முடியாதா?

முடியும், ஓரளவு செய்தும் காட்டிவிட்டார்கள். நான் விரலால் படிப்பவன், அதனால் இந்தக் கேள்வியில் எனக்கு அக்கறை அதிகம்.

கணினியில் உள்ள எழுத்தை ஏறி இறங்கும் நுண்ணிய ஊசிகளால் பிரெய்லாக, அதாவது புடைத்த புள்ளிகளாக, மாற்றித் தரும் கருவி இது. ஓர் எழுத்துக்கு 8 ஊசிகள். 40 எழுத்துள்ள ஒரே ஒரு வரிக்கு 320 ஊசிகள். ஒவ்வொன்றையும் தனியே இயக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இந்த வேலையைச் செய்வது பீசோ பட்டை. சுமார் 200 வோல்ட் கொடுத்தால் அது லேசாக வளைந்து ஊசியை உயர்த்தும். வேகமானது, சத்தமில்லாதது. ஆனால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஏற்றத்துக்குச் சில சென்டிமீட்டர் நீளப் பட்டை தேவை. ஊசிகளுக்குப் பின்னால் பட்டைகளை அடுக்கிப் படுக்கவைத்தபின் அடுத்த வரிக்கு இடமே இருக்காது. வாங்குவோரும் குறைவு என்பதால் விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போய்விடுகிறது.

‘குரலில் கேட்டால் போதாதா?’ என்பார்கள். போதாது. எழுத்துக்கூட்டலும் கணிதமும் நிரல் எழுதுவதும் கைவிரலில் தட்டுப்பட்டால்தான் மனத்தில் நிற்கும். காதும் கேளாதவருக்கோ இதைவிட்டால் வேறு வழியில்லை.

ஆர்பிட் ரீடர் 20 என்ற கருவி பீசோவைக் கைவிட்டது. பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் கூட்டாகப் பணம் போட்டு உருவாக்கச் செய்தது அது. 20 எழுத்துக் கருவி சுமார் 500 டாலருக்கு வந்தது. வரி மாறும்போது சத்தம் வரும், சற்றுத் தாமதமும் உண்டு. ஆனால் புள்ளிகள் விரலுக்கு அமிழாமல் உறுதியாக நிற்கும். இந்தச் சமரசம் சரியானது என்பதே என் கருத்து. கன்யூட் 360 இன்னொரு பாதையில் போனது: வரிக்கு 40 எழுத்தாக 9 வரிகள். மெதுவாகத்தான் மாறும், ஆனால் அட்டவணையையும் இசைக்குறிப்பையும் பக்கமாகவே படிக்கலாம்.

புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அசையாத விரலுக்கடியில் ஒரே எழுத்து மாறி மாறி வரும் கருவிகளைப் பலர் செய்கிறார்கள். நாங்கள் அப்படிப் படிப்பதில்லை. புள்ளிகளின்மேல் விரல் நகரும்போதுதான் எழுத்து புலப்படும். புள்ளிகளுக்கிடையே சுமார் 2.5 மில்லிமீட்டர் என்ற அளவை மாற்றாதீர்கள். ஊசித் துளைகளில் வியர்வையும் தூசியும் புகும். ஒவ்வோர் எழுத்துத் தொகுதியையும் கழற்றித் துடைக்கவும் மாற்றவும் வழி வையுங்கள். முதல் மாதிரியை நாள்தோறும் பிரெய்ல் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, ஒரு முழு அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.